விலை குறைந்த சாக்ஸில் நல்லதைப் பொறுக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சாக்ஸ் பழுதாகும் இடங்கள் மூன்றே. விரல் நுனி, குதிகாலும் முன்பாதத்தின் அடியும், எலாஸ்டிக் உள்ள மேல்பட்டி. கணுக்காலுக்கு மேலே தானாக ஓட்டை விழுந்த சாக்ஸைக் காண்பது அரிது. குறைந்த செலவில் நல்ல ஜோடி தேடுபவர், இந்த மூன்று இடங்களில் தயாரித்தவர் எவ்வளவு நூல் செலவழித்திருக்கிறார் என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும். நிறமும் டிசைனும் அழகான அட்டைப்பெட்டியும் நாற்றம் வராது என்ற வாசகமும் விலையைக் கூட்டுமே தவிர ஆயுளைக் கூட்டாது.

கடையில் தொட்டதும் தெரியும் மென்மையையும் நம்ப வேண்டாம். ஆலையை விட்டு வெளியேறும் முன் சாக்ஸை மென்மையூட்டும் கரைசலில் நனைத்து எடுப்பது வழக்கம். சில துவைப்புகளில் அது கழுவிப் போய்விடும். அதன் பிறகு காலில் படுவதுதான் நூலின் உண்மையான தரம்.

படி 1: கிழிந்து கிடப்பவற்றைத் திருப்பிப் பாருங்கள்

புதிது வாங்கக் கிளம்பும் முன் வீட்டில் கிழிந்து கிடக்கும் நான்கைந்து சாக்ஸை எடுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெளிச்சத்தில் பிடியுங்கள். ஓட்டை எங்கே விழுகிறது என்பது தெரிந்தால், அடுத்து எதை வாங்குவது, எதை வாங்கக் கூடாது என்பதில் பாதி தீர்ந்துவிடும்.

பெருவிரல் நுனியில் ஓட்டை என்றால் அதன் விளிம்பைப் பாருங்கள். சுற்றியுள்ள பின்னல் கெட்டியாக இருக்க, ஒரே புள்ளியில் வெட்டியதுபோல் ஓட்டை இருந்தால் அது நகத்தின் வேலை. நகத்தை நேராக வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்துவிட்டால் சரியாகும், புது வகை சாக்ஸ் தேவையில்லை. ஓட்டையைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் மெலிந்திருந்தால் காரணம் இழுவை. அதாவது சாக்ஸ் சிறியது, அல்லது துவைத்துத் துவைத்துச் சுருங்கியது.

குதிகாலின் பின்புறம், ஷூவின் மேல்விளிம்பு உரசும் இடத்தில் தேய்ந்திருந்தால் ஷூவுக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்துணி கிழிந்து நுரைப்பஞ்சோ பிளாஸ்டிக்கோ வெளியே தெரிந்தால், அந்த ஷூவில் எவ்வளவு விலை உயர்ந்த சாக்ஸும் நிலைக்காது. முதலில் அந்த இடத்தில் ஒரு துணி ஒட்டு போடுங்கள். குதிகாலின் அடியில் தேய்ந்திருந்தால், உங்கள் குதிகாலில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து வெடித்த தோல் உப்புத்தாள்போல் உள்ளிருந்தே நூலைத் தேய்க்கும்.

முன்பாதத்தின் அடியில் துணி உதிர்ந்து, கால் தெரியும் மெல்லிய வலை மட்டும் எஞ்சியிருக்கிறதா? பருத்தி தேய்ந்து போய், அதனுடன் சேர்த்துப் பின்னிய நைலான் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இது மோசமான சாக்ஸின் அறிகுறி அல்ல. நைலான் கலக்காமல் பின்னியிருந்தால் அதே இடம் எப்போதோ ஓட்டையாகியிருக்கும். இப்படி முடியும் சாக்ஸின் வகையை மீண்டும் வாங்கலாம். அடிப்பகுதி மட்டும் இன்னும் தடிமனாகப் பின்னியதாகத் தேடுங்கள்.

படி 2: பாதத்தை அளந்துகொள்ளுங்கள்

மாலையில் அளப்பது நல்லது. நாள் முழுவதும் நின்று நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு காகிதம் போட்டு, குதிகால் சுவரைத் தொடும்படி நின்று, மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாம் விரல் நீளம். இரு பாதங்களையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உறையில் உள்ள எண் பெரும்பாலும் ஷூ அளவைத்தான் குறிக்கும். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டர் வித்தியாசம். பாதம் ஏறக்குறைய 24.5 செ.மீ. என்றால் 39, 26.5 செ.மீ. என்றால் 42. ஆக, 39–42 என்று போட்ட சாக்ஸ் 2 செ.மீ. வித்தியாசத்தைச் சமாளித்தால் போதும். 40–46 என்று போட்டது 4 செ.மீ. சமாளிக்க வேண்டும். இரண்டாவது வகையில் சின்னப் பாதத்துக்குக் குதிகால் பை, அதாவது குதிகால் உட்காரும் வளைந்த பகுதி, கணுக்காலில் ஏறி நிற்கும், பெரிய பாதத்துக்கு விரல் நுனி எப்போதும் இழுபட்டே இருக்கும். எல்லாருக்கும் பொருந்தும் என்று ஃப்ரீ சைஸ் போட்டு வருவது இதைவிட மோசம். அளவு இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு நல்லது. விலை குறைந்தவற்றிலும் குறுகிய அளவுகளில் பின்னுபவர்கள் இருக்கிறார்கள், சற்றுத் தேட வேண்டும்.

பாதம் இரு அளவுகளுக்கு நடுவில் விழுந்தால், பருத்தி மிகுந்த சாக்ஸில் பெரியதை எடுங்கள், அது சுருங்கும். செயற்கை இழை மிகுந்ததில் சிறியதை எடுங்கள். பெரிதாகப் போனாலும் ஆபத்துதான். மிஞ்சிய துணி ஷூவுக்குள் மடிந்து, அந்த மடிப்பே கொப்புளம் போட்டுவிடும்.

படி 3: லேபிளில் சதவீதம் படியுங்கள்

நூறு சதவீதப் பருத்தி என்பதைப் பெருமையாக அச்சிடுவார்கள். நீடித்து உழைக்கும் சாக்ஸ் தேடுபவருக்கு அது எச்சரிக்கைப் பலகை. பருத்தி மென்மையானது, வியர்வையை உறிஞ்சும், ஆனால் உரசலைத் தாங்கும் திறன் குறைவு. இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணமும் அதற்குக் குறைவு, அதனால் மாலைக்குள் தொளதொளத்துவிடும்.

தினசரி உடுப்புக்கு நம்பகமான கலவை இது: பருத்தி 70 முதல் 80 சதவீதம், நைலான் 15 முதல் 25, இழுபட்டுத் திரும்பும் இழையான எலாஸ்டேன் 2 முதல் 5. நைலானைச் சில லேபிள்களில் பாலிஅமைடு என்று போடுவார்கள், எலாஸ்டேனை ஸ்பான்டெக்ஸ் அல்லது லைக்ரா என்பார்கள். பெயர்தான் வேறு. சாதாரணமாகச் சாக்ஸில் கலக்கும் இழைகளில் உரசலை அதிகம் தாங்குவது நைலான், அடுத்தது பாலியஸ்டர். மலிவு சாக்ஸில் நைலானுக்குப் பதில் பாலியஸ்டர் போடுவது சாதாரணம். அதைத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் நைலான் உள்ளதை எடுங்கள். பாலியஸ்டர் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, ஆனால் உடலின் எண்ணெய்ப் பசையைப் பிடித்துக்கொள்ளும். நாற்றம் அதில் எளிதில் போகாது.

இன்னொரு விஷயம், லேபிளில் உள்ள சதவீதம் முழு சாக்ஸுக்கும் சேர்த்துச் சொன்னது. நைலான் எங்கே போயிருக்கிறது என்று அது சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அடுத்த படியில் வருகிறது.

கோம்ப்டு காட்டன் என்று இருந்தால், நூற்கும் முன் குட்டை இழைகளைச் சீவி நீக்கியிருக்கிறார்கள் என்று பொருள். பிசிறும் உருண்டைகளும் குறைவாக வரும். இதற்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பது நியாயமே. மூங்கில் நூல் என்று விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ். போட்டுக்கொள்ள வழுவழுப்பாக, குளுமையாக இருக்கும். ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும், பருத்தியோ நனைந்தால் வலுக்கூடும். வியர்க்கும் காலில் ஷூவுக்குள் நாள் முழுவதும் இருக்க வேண்டிய பொருளுக்கு இது சிறிய விஷயமல்ல. அக்ரிலிக் என்ற செயற்கை இழை மலிவானது, கதகதப்பானது, சீக்கிரம் உருண்டை கட்டும். படுக்கையில் போட்டுக்கொள்ளச் சரி.

அதிகம் வியர்ப்பவர், ஓடுபவர், நெடுந்தூரம் நடப்பவர் ஆகியோர் பருத்தி மிகுந்த சாக்ஸையே தவிர்க்க வேண்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமே தவிர எளிதில் உலராது. ஈரத்தில் ஊறிய தோலில் உரசல் கூடும், கொப்புளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இவர்களுக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் பெரும்பங்காக உள்ளதோ, மெரினோ செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியோடு நைலான் கலந்ததோ பொருந்தும். மெரினோ விலை அதிகம். ஆனால் நாற்றம் எளிதில் ஏறாது என்பதால் குறைந்த ஜோடிகளை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம்.

படி 4: கையில் எடுத்துச் சோதியுங்கள்

அட்டையில் இழுத்துக் கட்டிய சாக்ஸைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. உறையைப் பிரிக்க அனுமதிக்கும் இடத்தில் வாங்குவதே மேல்.

முதலில் வெளிச்சம். விரல்களை மடக்கிய கையைச் சாக்ஸுக்குள் விட்டுக் குதிகால் பகுதியில் விரித்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். அடுத்து பாதத்தின் மேற்பகுதியை அதே அளவு விரித்துப் பாருங்கள். குதிகாலில் கூடுதல் நூல் ஓடியிருந்தால் வெளிச்சம் தெளிவாகக் குறையும். இரண்டிலும் ஒரே அளவு வெளிச்சம் வந்தால் வலுவூட்டல் இல்லை. விரல் பகுதிக்கும் இதையே செய்யுங்கள். ஏமாறும் இடம் ஒன்று உண்டு: குதிகாலும் விரலும் வேறு நிறத்தில் இருந்தால் அங்கே கெட்டியாகப் பின்னியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். பல மலிவு சாக்ஸில் நிறம் மட்டுமே மாறியிருக்கும், நூலின் அளவு அதேதான். நிறத்தை நம்ப வேண்டாம், வெளிச்சமே சாட்சி.

அடுத்து விரல் தையல். சாக்ஸ் குழாயாகப் பின்னப்பட்டு, கடைசியில் விரல் முனை மூடப்படுகிறது. அதை மூடும் விதம் இரண்டு. ஒன்று, இரு ஓரங்களையும் சேர்த்து ஓவர்லாக் போடுவது, அதாவது விளிம்பை நூலால் சுற்றித் தைப்பது. உள்ளே தடித்த வரப்பு நிற்கும். மற்றொன்று, கண்ணிக்குக் கண்ணி கோத்து மூடுவது. இதில் வரப்பு மிகத் தட்டையாக இருக்கும். உள்பக்கம் திருப்பி நகத்தால் தையலுக்குக் குறுக்கே வருடுங்கள். நகம் தட்டி நின்றால் மாலைக்குள் விரலும் அதை உணரும். தையல் விரல்களின் மேல்புறத்தில் கிடக்க வேண்டும். நேராக நுனியில் விழுந்தால் ஷூவின் முன்பக்கத்துக்கும் நகத்துக்கும் நடுவே நசுங்கும். தையலின் இரு முனைகளிலும் தொங்கும் நூல் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளலாம், ஆனால் அந்த மூலையில் சிறு துளை இருந்தால் வைத்துவிடுங்கள். அது விரியும்.

உள்பக்கம் திருப்பியிருக்கும்போதே படம் போட்ட சாக்ஸில் இன்னொன்றையும் கவனியுங்கள். நிறம் மாறும் இடங்களில் பயன்படாத நூல் உள்ளே பாலம்போல் தொங்கிக்கொண்டு போகும். அவை நீளமாக இருந்தால் போடும்போது விரல் மாட்டி அறுபடும், பின்னலும் நீட்சியை இழக்கும். குழந்தைகளுக்கான படச் சாக்ஸில் இது மிக அதிகம். படம் கணுக்காலுக்கு மேலே மட்டும் இருந்தால் பரவாயில்லை.

குதிகால் பையைப் பார்க்கச் சாக்ஸை மேசையில் தட்டையாகப் போடுங்கள். நன்றாகப் பின்னியது தானாகவே வளைந்து கிடக்கும். குதிகாலின் பக்கவாட்டில் ஒரு சாய்கோடு தெரியும். அந்தக் கோடு நீளமாக இருந்தால் பை ஆழமானது, சாக்ஸ் இடம் மாறாது. நேரான குழாயாகவே கிடந்தால் குதிகால் பின்னப்படவில்லை. அது கணுக்காலின் முன்புறம் சுருங்கித் திரண்டு, நடக்க நடக்கக் கீழே இறங்கும்.

கடைசியாக மேல்பட்டி. இரு கைகளாலும் ஏறக்குறைய இரு மடங்கு அகலத்துக்கு இழுத்து விடுங்கள். உடனே பழைய அகலத்துக்கு வர வேண்டும். அலை அலையாக நின்றாலோ, வெள்ளை ரப்பர் இழை ஆங்காங்கே நீட்டிக்கொண்டு தெரிந்தாலோ சில மாதங்கள்கூடத் தாங்காது. இரட்டையாக மடித்துப் பின்னிய பட்டி ஒற்றைப் பட்டியைவிட நீடிக்கும், அழுத்தத்தையும் பரப்பிக் கொடுக்கும்.

நீரிழிவு உள்ளவர்கள், கால் வீக்கம் உள்ளவர்கள் இந்தச் சோதனையில் வேறு விதமாக முடிவெடுக்க வேண்டும். இறுக்கும் பட்டி வேண்டாம். அகலமாக விரியும் தளர்ந்த பட்டி, வரப்பில்லாத விரல் தையல், வெளிர் நிறம். வெளிர் நிறம் அழகுக்காக அல்ல. உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் ஏற்பட்டால் சாக்ஸில் பட்ட கறைதான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

இணையத்தில் வாங்கும்போது

தொட்டுப் பார்க்க முடியாது, அதனால் மூன்று தகவல் இல்லாத சாக்ஸை விட்டுவிடுங்கள்: இழைகளின் சதவீதம், அளவு இடைவெளி, உள்பக்கம் திருப்பிய படம். படம் இல்லாவிட்டால் வாங்கியவர்கள் போட்ட படங்களில் தேடுங்கள். மதிப்புரைகளில் வந்த அன்றே எழுதியவற்றுக்கு மதிப்பில்லை. சில மாதம் கழித்து எழுதியவற்றை மட்டும் படியுங்கள். சிலர் ஊசி எண்ணிக்கையைக் குறிப்பிடுவார்கள். பின்னும் எந்திரத்தின் உருளையில் உள்ள ஊசிகள் அவை. 96 முதல் 120 வரை என்றால் தடித்த விளையாட்டுச் சாக்ஸ், 144 முதல் 168 வரை தினசரி வகை, 200 என்றால் மெல்லிய அலுவலக வகை. எண் கூடினால் பின்னல் நுண்மையாகும், நூலும் மெலியும். அதை ஆயுளின் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 5: ஷூவுக்கு ஏற்ற தடிமனும் உயரமும்

ஷூ இல்லாமல் சாக்ஸ் தேர்ந்தெடுத்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும். இறுக்கமான தோல் ஷூவில் தடித்த டெர்ரிச் சாக்ஸ் (குளியல் துண்டுபோல் நூல் சுருள்கள் உள்ளது) போட்டால் விரல் நெருங்கி, நுனி சீக்கிரம் ஓட்டையாகும். தளர்ந்த ஷூவில் மெல்லியது போட்டால் பாதம் முன்னும் பின்னும் வழுக்கிக் குதிகால் தேயும். விளையாட்டு ஷூவுக்கு அடிப்பகுதியில் மட்டும் டெர்ரிச் சுருள் உள்ள வகை நல்ல சமரசம். மேலே காற்றோட்டம், கீழே மெத்தை. டெர்ரி தேய்ந்த பின்னும் அடியில் ஒரு பின்னல் மிஞ்சுவதால் ஆயுளும் கூடும்.

உயரம் ஷூவின் விளிம்பைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் விதி. வேலைத்தளப் பூட்ஸுக்குக் குறைந்தது பூட்ஸின் விளிம்புக்கு மேல் இரண்டு விரல் அகலம் தேவை, இல்லாவிட்டால் தோல் உரியும். வெளியே தெரியாத குட்டைச் சாக்ஸ் வாங்குபவர்கள் குதிகாலின் உள்ளே ஒட்டும் சிலிகோன் பட்டை இருக்கிறதா, குதிகால் பை ஆழமா என்று பாருங்கள். இரண்டும் இல்லாதது பத்தடி நடப்பதற்குள் உள்ளங்காலுக்குள் போய்ச் சுருண்டுவிடும். மலிவு சாக்ஸில் மிக அதிகமாக ஏமாற்றும் வகை இதுதான். சிக்கனம் முக்கியமென்றால் கணுக்கால் உயர வகையே நிம்மதி.

படி 6: ஒரு ஜோடி வாங்கிச் சோதித்த பிறகு மொத்தமாக

மொத்தப் பொட்டலம் மலிவாகத் தெரிந்தாலும் முதலில் ஒரே ஜோடி, அல்லது கிடைக்கும் மிகச் சிறிய பொட்டலம். புதிதாக இருக்கும்போதே ஒரு காகிதத்தில் வைத்துச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். மூன்று முறை போட்டு, மூன்று முறை துவைத்து, அதே வரைபடத்தில் திரும்ப வையுங்கள். நீளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த அளவு எடுங்கள் அல்லது அந்த வகையை விடுங்கள். முதல் துவைப்பைத் தனியாகச் செய்தால் சாயம் போகிறதா என்பதும் தெரியும். அணிந்த நாளின் முடிவில் பட்டி பதிந்த தடம் லேசாகத் தெரிந்து சிறிது நேரத்தில் மறைவது இயல்பு. பள்ளமாகப் பதிந்து நெடுநேரம் நின்றால் இறுக்கம் அதிகம்.

தேறிய வகையை ஒரே நிறத்தில், ஒரே டிசைனில் வாங்குங்கள். பணம் உண்மையில் மிச்சமாவது இங்கேதான். ஐந்து விதமான ஐந்து ஜோடியில் ஐந்து ஒற்றைகள் கிழிந்தால் ஐந்து ஜோடியும் போயின. ஒரே மாதிரியான ஐந்து ஜோடியில் ஐந்து ஒற்றைகள் கிழிந்தாலும் மீதி ஐந்தில் இரண்டு ஜோடி தேறும், ஒன்று கையிருப்பு. வாரம் ஒரு முறை துவைப்பவருக்கு எட்டு அல்லது ஒன்பது ஜோடி, வாரம் இரு முறை துவைப்பவருக்கு ஐந்து ஆறு போதும். அதற்கு மேல் வாங்கிக் குவித்தால் எலாஸ்டிக் அலமாரியிலேயே வயதாகிவிடும். வளரும் குழந்தைகளுக்கு இன்னும் குறைவாக வாங்குங்கள்.

விலையை ஒப்பிட எளிய கணக்கு: ஜோடியின் விலையை அது தாங்கும் அணிதல்களால் வகுங்கள். இரட்டிப்பு விலையுள்ள சாக்ஸ் இரண்டு மடங்குக்கு மேல் உழைத்தால்தான் லாபம். தினசரிச் சாக்ஸில் மிக மலிவானதிலிருந்து ஒரு படி ஏறுவது பெரும்பாலும் லாபமாகிறது, ஏனென்றால் அந்தப் படியில்தான் குதிகால் வலுவூட்டலும் தட்டைத் தையலும் வருகின்றன. அதற்கு மேலுள்ள படிகளில் கூடுவது அதிகமும் பெயரும் டிசைனும்தான்.

துவைப்பதும் உலர்த்துவதும்

உள்பக்கம் திருப்பித் துவையுங்கள். வியர்வையும் தோல் உதிர்வும் அங்கேதான் இருக்கின்றன, வெளிப்பக்கம் உருண்டை கட்டுவதும் குறையும். தண்ணீர் 30 முதல் 40 டிகிரி செல்சியஸ் போதும். எந்திரத்தில் போடுபவர்கள் வலைப்பையில் போட்டால் ஒற்றை காணாமல் போகாது, ஜிப்பிலும் கொக்கியிலும் மாட்டாது. குளோரின் ப்ளீச் எலாஸ்டேனை அரித்துவிடும். துணி மென்மையூட்டி இழைகளின்மேல் படலம் போட்டு உறிஞ்சும் திறனைக் குறைக்கும். இரண்டும் வேண்டாம். நாற்றம் விடாவிட்டால் வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்துப் பிறகு துவையுங்கள். ப்ளீச்சோடு வினிகரை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஒரே விதிவிலக்கு, விரலிடுக்கில் பூஞ்சைத் தொற்று இருக்கும் காலம். அப்போது 60 டிகிரியில் துவைக்க வேண்டும். எலாஸ்டிக்கின் ஆயுள் சற்றுக் குறையும், குறையட்டும். நாற்பதில் துவைத்தால் பூஞ்சை தப்பித்து, குணமான காலுக்கே திரும்பி வந்துவிடும்.

உலர்த்தும்போது நிழலில், விரல் பகுதியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். மேல்பட்டியில் கிளிப் போட்டால் எலாஸ்டிக் அழுந்தி ஒரே இடத்தில் தளரும். சூடான ட்ரையரும் ஹீட்டரின் மேல் போடுவதும் மேல்பட்டியைக் கெடுக்கும் விரைவான வழிகள். உலர்ந்த பின் ஒன்றின் வாய்க்குள் மற்றொன்றைத் திணித்துப் பந்தாக உருட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். வெளியே உள்ள சாக்ஸின் பட்டி அடுத்த முறை போடும்வரை இழுபட்டபடியே இருக்கிறது. இரண்டையும் அடுக்கி மூன்றாக மடித்து வைத்தால் போதும்.

ஷூவையும் மறக்க வேண்டாம். உள்ளே சேரும் மணல், சிறு கற்களின் பொடி ஆகியவை அடிப்பகுதியைச் சத்தமில்லாமல் அறுக்கும். வாரம் ஒரு முறை உள்தட்டைக் கழற்றித் தட்டுங்கள்.

தைக்கலாமா, தூக்கிப் போடலாமா

ஓட்டை விழும் முன் தைப்பதுதான் எளிது. மெலிந்த இடம் தெரிந்ததும் உள்ளே ஒரு பழைய மின்பல்பையோ வழுவழுப்பான பந்தையோ வைத்து, சாக்ஸை இழுக்காமல் விரித்து, மெலிவின் எல்லையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் நல்ல பின்னலிலிருந்து தொடங்கி, நெருக்கமாக இணைகோடுகளாக நூலோட்டுங்கள். பிறகு குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்றின் கீழ் என்று நெய்யுங்கள். முடிச்சுப் போடாதீர்கள், காலில் உறுத்தும். நூல்முனையைப் பின்னலுக்குள்ளேயே நாலைந்து கண்ணிகள் ஓட்டி வெட்டுங்கள். நூல் சாக்ஸின் தடிமனுக்குக் கிட்டத்தட்ட ஒத்திருக்க வேண்டும். கெட்டியான தையல் நூலால் தைத்தால் அது அறாது, சுற்றியுள்ள பின்னலை அறுத்துவிடும்.

மேல்பட்டி தளர்ந்த சாக்ஸையும், ஓட்டை ஒரு கட்டைவிரல் நுழையும் அளவைத் தாண்டிய மலிவுச் சாக்ஸையும் தைப்பதில் பயனில்லை. ஷூ துடைக்க ஒன்றை வைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடலாம். நல்ல ஒற்றை மிஞ்சியிருந்தால் மட்டும் அதே நிறக் குவியலில் திரும்பச் சேருங்கள்.